நிதி நிட்சேபம்

கிரயப் பத்திரத்தை நானே தட்டச்சு செய்தேன்.
நீடாமங்கலம் சார்பதிவகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில்
பதினாறு வருஷமாக
ஊரார் மனைகளுக்கு நான்கு எல்லை அடித்த விரல்
அன்றைக்குத்தான் முதல்முறை
வாங்குபவர் என்ற இடத்தில் என் பெயரை அடித்தது.

தியாகசுந்தரத்துக்குப் புல்வெளி வேண்டும்.
தோஹாவில் யாரோ வீட்டுப் புல்லுக்குத்
தண்ணீர் விடுகிறவர் அவர்.
"நம்ம வாசல்லயும் கொஞ்சம் போடு அரசி,
செருப்பில்லாம நடக்கணும்."

ஓசூரிலிருந்து பாய்பாயாக வந்தது கொரியன் புல்.
நெல் விளைந்த களியில்
தின்ன முடியாத பச்சையை விரித்தோம்.
கேட்டுக்கு வெளியே நின்ற ஆடு மட்டும்
இதைப் பயிர் என்று நம்பியது.

மார்கழியில் மதிலுக்கு அந்தப்பக்கம்
சம்பா பால் கட்டும்போது
இந்தப்பக்கம் முதல் மண்குவியல்.
அறுவடை மெஷின் வந்துபோன ராத்திரி
எண்ணிக்கை ஒன்பது.

செய்யாதது இல்லை.
வளைக்குள் மிளகாய்ப் புகை போட்டேன்,
நான்தான் இருமினேன்.
மோட்டார் ஓஸைச் செருகினேன்,
ஓவர்சியர் வீட்டுத் துளசிமாடத்தடியில் தண்ணீர் வந்தது.
பசை அட்டையில் ஒரு தேரை
இரவெல்லாம் ஒட்டிக் கிடந்தது;
தேங்காயெண்ணெய் தடவி
ஒவ்வொரு காலாக விடுவித்தேன்,
மன்னிப்புக் கேட்டபடி.
விஷக்கட்டியைப் பிரித்தபோது
எதிர்வீட்டுப் பூனை வந்து காலை உரசியது.
திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் பணம் தரவில்லை.

வீடியோவில் அவர் கூப்பிட்டால்
பொத்தல் விழாத மூலையில் நின்று பேசுவேன்.
"புல்லைக் காட்டு" என்பார்.
காட்டுவேன்.
அதே மூலை, அதே இரண்டடி.

வேம்பையன் மொபெட்டில் வந்தார்,
பின்னால் கட்டுக்கட்டாய் மூங்கில் கிட்டி.
வளைகளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.
மண்ணைக் கட்டைவிரலால் நசுக்கி முகர்ந்தார்.
"எல்லாம் ஒரே நேர்ல இருக்கு, பாத்தீங்களா?"
பார்த்திருக்கவில்லை.
ஒன்பது குவியலும் கயிறு பிடித்தாற்போல்
கேட்டிலிருந்து கொல்லை வரை.
"இது வரப்பும்மா.
நீங்க மேல மண்ணடிச்சிட்டீங்க.
அதுங்க வரப்புலதான் இருக்கு."

உள்ளே ஓடிப் புலப்படத்தை எடுத்து வந்தேன்.
இரண்டு உட்பிரிவுக்கு நடுவே மெல்லிய கோடு.
எத்தனையோ முறை நகலெடுத்த கோடு.
அதன்மேல் நின்றுகொண்டிருந்தேன்.

அன்றிரவு ஊறின அரிசி வைத்து முப்பது கிட்டி.
இருட்டில் டப் என்று கேட்கும்போதெல்லாம்
போர்வைக்குள் எண்ணினேன்.
பதினொன்றில் தூங்கிவிட்டேன்.
விடிந்தபோது பதினாலு.
வாலுக்கு முப்பது ரூபாய்.

பிறகு மண்வெட்டியால் வரப்பைப் பிளந்தார்.
வந்த மாதிரியே பாயாகச் சுருண்டது புல்.
முழங்கை ஆழத்தில் ஓர் அறை.
அதற்குள் கதிர்கதிராக,
காம்பெல்லாம் ஒரே பக்கம் பார்க்க,
நெல்.
மூன்று மரக்கால் தேறும்.
ஒன்றுகூட முளைக்கவில்லை.

நான் அடிக்கும் பத்திரத்தில் எல்லாம் வரும்:
நிதி நிட்சேபம் ஜல தரு பாஷாணம்
முதலான சகல பாத்தியங்களும்.
பதினாறு வருஷம் அர்த்தம் கேட்காமல் அடித்த சொல்.
பூமிக்குள் ஒளித்தது எதுவானாலும் எனக்கு
என்று கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறேன்.

வேம்பையன் கேட்கவில்லை, சாக்கை விரித்தார்.
"தோண்டினவனுக்கு நெல்லு. பழக்கம்."
வயல்காரர் பாக்கியராசு
மதிலுக்கு மேல் தலையை நீட்டி
"அது என் சம்பால்ல" என்றார்,
சிரித்துக்கொண்டுதான்.
பதினாலும் மொபெட்டில் தலைகீழாகத் தொங்கின.
நான் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை
அதே நகர், இரண்டாம் பகுதி.
மனை வாங்க வந்தவர் குனிந்து கேட்டார்:
"வில்லங்கம் ஒண்ணும் இல்லையே?"
முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தாச்சு,
இல்லை என்றேன்.
நகக்கண்ணில் இன்னும் களி.
நிட்சேபம் என்று அடிக்கும்போது
விரல் ஓர் எழுத்தில் நின்று
பிறகு போனது.